எங்கம்மா ஒரே பயம்

போன வருஷம் மாசி மாதம் நடந்தது இது. பாதி எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில், மீதி அருப்புக்கோட்டையில் என் மகள் படிக்கிற கல்லூரியில். எங்கள் ஊர் திருச்சுழிப் பக்கம், பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர். பேர் வேண்டாம். தெரிந்தவர்கள் யாராவது படித்தால் இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பயமும் எனக்கு உண்டு.

நான் எட்டாவதோடு நின்றவள். அப்போது எங்கள் ஊரில் எட்டு வரைக்கும்தான் பள்ளிக்கூடம். ஒன்பதாவது படிக்கத் திருச்சுழிக்கு பஸ்ஸில் போக வேண்டும். வயசுப் பிள்ளையை பஸ்ஸில் அனுப்ப என்னைப் பெற்ற எங்கய்யா பயந்தார். அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய கதை ஒன்றும் கிடையாது.

பயம் எனக்குக் கூடப் பிறந்தது மாதிரி. கேஸை மூடினோமா என்று தெரு முனை வரை போனவள் திரும்பி வந்து பார்ப்பேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிப் போனால் பந்தல்குடி தாண்டும்போது ஒரு போன் பண்ண வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். போன் வரவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. அவர் பாட்டுக்கு ஒரு டீக்கடையில் நின்று யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார். நான் இங்கே அவருக்கு என்னென்ன ஆகியிருக்கும் என்று ஒன்று விடாமல் யோசித்து முடித்திருப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள். பி.காம் இரண்டாம் வருஷம். அந்த வருஷம் அவளுடைய கல்லூரியில் புதிதாக ஒன்று கொண்டுவந்தார்கள். வாரா வாரம் போனில் ஒரு தலைப்பு வரும். அதைப் பற்றி இங்கிலீஷில் எழுத வேண்டும். எழுதும்போதே தப்பான இடத்தில் சிவப்புக் கோடு விழும். கோட்டைத் தொட்டால் இப்படி எழுது என்று சரியான வாக்கியத்தை அதுவே காட்டும். ஒத்துக்கொண்டு அமுக்கினால் கோடு போய்விடும், மார்க்கு ஏறும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்துகிற மாதிரி அது மூடிக்கொள்ளும்.

எங்கள் தெருவில் போனில் பேச முடியும், நெட் கிடைக்காது. ஊரிலேயே ஒழுங்காகக் கிடைக்கிற இடம் கண்மாய்க் கலுங்குதான். கண்மாய் நிறைந்தால் மிஞ்சின தண்ணீர் வழிந்து போவதற்குக் கட்டின கல்கட்டு. தண்ணீர் வழிந்து பல வருஷம் ஆகிவிட்டதால் உட்காருவதற்கு வசதி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காலேஜ் போகிற பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் போனும் கையுமாக இருப்பார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் அதற்குக் கலுங்கு காலேஜ் என்று பேர் வைத்திருந்தார்கள். சுற்றிலும் சீமைக் கருவேலம், கல் இடுக்கில் பாம்பு கிடக்கும். ஆம்பளைப் பையன்களும் வருவார்கள், பார்க்கிறவர்கள் என்ன பேசுவார்களோ. அதனால் மகளோடு நானும் போவேன். ஒரு கம்பு, ஒரு டார்ச் லைட், சும்மா உட்கார முடியாது என்று ஒரு சுளகில் மிளகாய் வத்தல். அவர்கள் எழுதுவார்கள், நான் காம்பு கிள்ளுவேன். காற்று அந்தப் பக்கம் அடித்தால் எல்லாரும் தும்முவார்கள்.

பிள்ளைகள் அந்த எழுத்து வேலையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கே பாதி பாடம் ஆகிவிட்டது. வீட்டுக்காரரின் அண்ணன் மகனும் மகள் படிக்கிற கல்லூரிதான். அவன் எழுதவே மாட்டான். போனைப் பார்த்துத் தமிழில் பேசுவான், அது இங்கிலீஷாக மாற்றிக் கொடுக்கும், எடுத்து ஒட்டிவிட்டுப் போய்க் கிரிக்கெட் விளையாடுவான். எல்லாரையும்விட அவனுக்குத்தான் மார்க்கு அதிகம். கைக்கும் வேலை இல்லை, மண்டைக்கும் வேலை இல்லை, இதுதான் இதிலே உள்ள பெருமை என்பான். மேலத்தெருப் பிள்ளை ஒருத்தி வருவாள். அப்பாவை அத்தா என்பாள், அவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பின பெரிய போன் வைத்திருப்பாள். அவளுக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும். வகுப்பில் போர்டில் தப்பாக எழுதினால் பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பார்களாம். சிவப்புக் கோடு யாரிடமும் போய்ச் சொல்லாது என்பாள்.

என் மகளுக்கு இரண்டும் கெட்டான் நிலைமை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் கட்டுரை என்றால் நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் பண்ணி எழுதுவாள். சொந்தமாக எழுதினது இதில்தான் முதல் தடவை. அதிலே அவளுக்குச் சந்தோஷம். ஆனால் கோட்டை எல்லாம் சரி பண்ணி முடித்துப் படித்துப் பார்த்தால் வேறு யார் வீட்டுக் கதையோ மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் இதை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டு வத்தல் கிள்ளுவேன். இதிலே நமக்கு என்ன இருக்கிறது என்று இருந்தேன்.

இதற்கிடையில் ஒரு சேதி வந்தது. இந்த எழுத்தில் நல்ல மார்க்கு வாங்குகிறவர்களை லீவில் மதுரைக்கு அனுப்பி, ஒரு கம்பெனியில் பயிற்சி கொடுப்பார்களாம். இரண்டு மாதம் அங்கேயே ஹாஸ்டலில் தங்க வேண்டும். நன்றாகச் செய்தால் படிப்பு முடிந்ததும் வேலைக்கும் வழி இருக்கிறதாம். மகள் வந்து சொன்னபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். பாப்போம் என்றேன். எங்கள் வீட்டில் பாப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான்.

மார்க்கைக் கணக்கெடுப்பதற்கு முந்தின கடைசி வாரம். வீட்டில் ஒருவரைப் பற்றி எழுது என்று தலைப்பு வந்திருந்தது. மகள் என்னைப் பற்றி எழுதினாள். எழுதும்போது அவ்வப்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள். போட்டோ எடுக்கிறவர்கள் பார்ப்பது மாதிரி இருந்தது. ஆறு மணி நெருங்கிவிட்டது. எங்கள் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. அவள் எழுந்து நின்று போனை உயரத் தூக்கிப் பிடித்து ஏதோ அமுக்கினாள். போயிருச்சு என்று மூச்சு விட்டாள்.

அண்ணன் மகன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான். படித்துவிட்டுச் சிரித்தான்.

"சித்தி, ஒங்க மக ஒங்களப் பத்தி என்ன எழுதியிருக்கா தெரியுமா? இவளுக்கு இந்த ஒலகத்துல ஒரே பயம் நீங்கதானாம்."

"ஏண்ணே, சும்மா இருக்க மாட்டியா" என்றாள் மகள். அவள் முகம் மாறிவிட்டது.

"எழுதுனது நீயி. படிச்சது நானு. எம்மேல கோவப்படுற."

மேலத்தெருப் பிள்ளை போனை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். அவன் சொன்னது பொய் இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அப்படி எழுதலம்மா, அதுவா மாத்திருச்சு, டைம் முடியப் போகுதுன்னு படிக்காம அமுக்கிட்டேன் என்றாள். சரி, வா, இருட்டப் போகுது என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கை முழுக்க வத்தல் காரம், துடைக்கவும் முடியாது. வத்தல் நெடி என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

நான்கைந்து நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. சண்டை போடவில்லை. சோறு போட்டேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொன்னேன், அவ்வளவுதான். இவளை அடித்தது கிடையாது, திட்டினதுகூடக் கிடையாது. என்னைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அண்ணன் மகனைக் கூப்பிட்டு, அந்த இங்கிலீஷை எனக்கு ஒழுங்காகச் சொல்லு என்று கேட்டேன். அவனும் விளையாட்டை விட்டுவிட்டு நிதானமாகச் சொன்னான். எங்கள் பக்கம் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது அவர் ஒரே கோபம், இவர் ஒரே சிரிப்பு என்போம் இல்லையா. கோபக்காரர், சிரித்துக்கொண்டே இருப்பவர் என்று அர்த்தம். அப்படித்தான் இவள் 'எங்கம்மா ஒரே பயம்' என்று மனசில் நினைத்து, அதை அப்படியே இங்கிலீஷில் தூக்கிப் போட்டிருக்கிறாள். மை மதர் இஸ் ஒன்லி ஃபியர். மிஷினுக்கு எங்கள் ஊர் 'ஒரே' தெரியாது. அது சிவப்புக் கோடு போட்டு, மை மதர் இஸ் மை ஒன்லி ஃபியர் என்று சரி பண்ணிக் கொடுத்திருக்கிறது. நடுவில் ஒரு சின்ன 'மை' கூடியிருக்கிறது. எனக்கு இருந்த பயம், நானே அவளுக்குப் பயம் என்று ஆகிவிட்டது.

"மிஷின் பண்ணுன கூத்து சித்தி. புள்ளைய விட்ருங்க" என்றான்.

அவன் சொன்னது விளங்கியது. மனசு ஆறியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் அது லேசில் போகாது. அவள் உண்மையிலேயே படிக்காமல்தான் அமுக்கினாளா? படித்துவிட்டு அமுக்கினாளா? கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயத்தில் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மகளுக்கு மதுரைப் பயிற்சியில் இடம் கிடைத்துவிட்டது என்று கல்லூரியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது, வந்து அனுப்புகிறீர்களா இல்லையா என்று நேரிலேயே சொல்லிவிடுங்கள், இல்லை என்றால் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். அண்ணன் மகனுக்கும் இடம் கிடைத்தது, கிரிக்கெட்டை விட்டு எங்கேயும் போக முடியாது என்றுவிட்டான். வீட்டுக்காரரைக் கேட்டால், எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை, நீ சொன்னால்தான் அவள் போவாள், போய்ப் பேசிவிட்டு வா என்று லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மகளோடு ஒரே பஸ்ஸில் போனேன். ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்தாள். என்ன சொல்லப் போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய அப்பா வெளியூரில் இருக்கிறார், கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்வதாக நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அதாவது பாப்போம்.

பெரிய ஹாலில் கூட்டம். இங்கிலீஷ் மேடம் சின்ன வயசு. மதுரை விஷயம் கடைசியில், முதலில் இந்த எழுத்துப் பயிற்சியைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கலாம், அடுத்த வருஷமும் வைப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ண வேண்டும் என்றார். நல்லதோ கெட்டதோ மறைக்காமல் சொல்லுங்கள் என்றார்.

முதலில் எழுந்தவன் குட்மார்னிங் என்று இங்கிலீஷில் ஆரம்பித்து, அதற்கு மேல் வராமல் நின்றுவிட்டான். அப்புறம் தமிழில் கடகடவென்று கொட்டினான். வீட்டில் ஒரு போன்தான், தம்பி பிடுங்கிக்கொள்கிறான், எழுதினது பாதியில் போய்விடுகிறது என்றான். மேலத்தெருப் பிள்ளை தயங்கித் தயங்கி இங்கிலீஷிலேயே பேசி முடித்தாள். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் அண்ணன் மகன் எழுந்து, இது மாணவர்களுக்கு மிகவும் பயனுள்ளது என்று மேடைப் பேச்சு மாதிரி ஆரம்பித்தான். மேடம் சிரித்துக்கொண்டே, எல்லாம் நீயே எழுதினதுதானே என்று கேட்டார். "நானே பேசுனது மேடம்" என்றான். ஹாலே சிரித்தது. இனிமேல் எழுதினதை வகுப்பில் வாயால் சொல்லவும் வேண்டும் என்று வைத்துவிடலாம் என்று மேடம் சொன்னதும் உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் என் மகள் எழுந்தாள். நாலு பேர் முன்னால் பேசுகிற பிள்ளை இல்லை அவள். மேடம் இங்கிலீஷில் முயற்சி பண்ணிப் பார் என்றார்.

"தமிழ்லயே சொல்றேன் மேடம். எங்கம்மா வந்திருக்காக."

பின்னாலிருந்து யாரோ "வந்திருக்காக" என்று அவள் மாதிரியே இழுத்துச் சொன்னார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எழுதினதையும் மிஷின் மாற்றினதையும் அப்படியே சொன்னாள். ஒரே என்கிற வார்த்தைக்கு எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்றும் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டு, படிக்காமல் ஒத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும் என்றார்.

"எங்கம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன் மேடம். ஆனா படிச்சேன். படிச்சுட்டுத்தான் அமுக்கினேன்."

சிரிப்பு நின்றது.

"கோடு போட்டதும் ரெண்டு வாக்கியத்தையும் பாத்தேன். அது மாத்துனது தப்புன்னு எனக்குத் தோணல. எங்கம்மாவுக்கு ரோடப் பாத்தா பயம், பாம்பப் பாத்தா பயம், ஊரப் பாத்தா பயம். எனக்கு அதெல்லாம் இல்ல. ஒரு எடத்துக்குப் போகணும்னா எங்கம்மா பயந்துருவாகளேன்னுதான் பயம். அது ஒண்ணுதான். இங்கிலீஷு சரியாத்தான் மேடம் இருந்துச்சு. ஆனா மனுசங்க யாராச்சும் பாத்திருந்தா, இதுல எது நீ சொல்ல வந்ததுன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பாங்க. அது கேக்கல. அதான் என் கருத்து."

"எது நீ சொல்ல வந்தது?" என்று மேடம் கேட்டார்.

"ரெண்டும்தான் மேடம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். என் பக்கத்துச் சேரில்தான் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எங்கய்யாவை நினைத்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை, நம்மை நினைத்துத்தானே பயந்தார் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். படிக்கணும் என்று அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. சொல்ல எனக்குத் தெரியவில்லை. இவளுக்குத் தெரிந்திருக்கிறது, சுற்றி வளைத்து ஒரு மிஷின் வழியாக வந்தாலும்.

கூட்டம் முடிந்ததும் மதுரைக்கு இடம் கிடைத்த பிள்ளைகளின் பெற்றோரை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். என் முறை வந்தது. ஒத்திகை பார்த்து வைத்திருந்தது வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கேள்வியாக வந்தது. ஹாஸ்டல் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? கம்பெனிக்கு நடந்து போவார்களா, பஸ்ஸா? கூட எத்தனை பொம்பளைப் பிள்ளைகள்? காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? ராத்திரி கரண்ட் போனால்? மேடம் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், இந்தம்மா மதுரையையே வெலைக்கு வாங்கப் போகுது போல என்று முணுமுணுத்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"வேற எதும் கேக்கணுமாம்மா?" என்றார் மேடம்.

"கேக்க நெறைய இருக்கு மேடம். அவ போகட்டும்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாம்மா என்றுகூடக் கேட்கவில்லை. நான் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயந்திருப்பாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே வந்தோம். கலுங்கில் நடந்ததைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. இறங்கப் போகிற நேரத்தில், மதுரையில் வெயில் அதிகம், தண்ணி பாட்டில் பெருசா ஒண்ணு வாங்கணும் என்றேன். சரிம்மா என்றாள். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

சித்திரையில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவளை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவள் அப்பாவுக்குப் போட்ட போன் சட்டத்தை அவளுக்குப் போடவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, முழுங்கிவிட்டேன். பஸ் போனதும் ஸ்டாண்டிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த பஸ்ஸில் நானும் ஏறிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன், பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. காரியாபட்டி தாண்டிட்டேம்மா என்றாள். நான் கேட்காமலே.

இரண்டு மாதம் இருந்துவிட்டு நல்லபடியாகத் திரும்பி வந்தாள். இப்போது கடைசி வருஷம் படிக்கிறாள். அந்த எழுத்து வேலை கல்லூரியில் இன்னமும் நடக்கிறது. எழுதினதை வாயாலும் சொல்ல வேண்டும் என்று மாற்றிவிட்டதால் அண்ணன் மகனுக்கு மார்க்கு இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தனியாகவே கலுங்குக்குப் போகிறாள். கம்பை மட்டும் எடுத்துப் போகச் சொல்கிறேன்.

பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அவள் வர நேரமானால் வாசலுக்கும் அடுப்படிக்கும் இன்னமும் நடக்கிறேன். ஆனால் வாயைத் திறந்து ஒன்று சொல்வதற்கு முன்னால், இது எனக்கு இருக்கிற பயமா, நான் அவளுக்குக் கொடுக்கப் போகிற பயமா என்று அந்தச் சின்ன 'மை'யைச் சேர்த்தும் எடுத்தும் பார்த்துக்கொள்கிறேன்.